எதிராளி பக்கத்து நியாயம்

அந்த அக்கா எங்கள் கட்சி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மாமல்லபுரத்தில் இன்றைக்கும் அவரைப் பற்றி நான் பேச்செடுத்தால், "அவங்கள பத்தி உனக்கு இன்னாத்துக்குப்பா பேச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். நான் ஒரு கட்சியின் வணிகர் அணியில் நகரப் பொறுப்பில் இருந்தேன். அக்கா எங்களுக்கு நேர் எதிரான கட்சியின் தொழிலாளர் அணியில் நகரச் செயலாளர். எனக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் பதினான்கு அறை கொண்ட லாட்ஜ் ஒன்று உண்டு, அப்பா கட்டியது. அக்கா கடற்கரையோரம் இருந்த ஒரு பெரிய ரிசார்ட்டில், காண்ட்ராக்டரின் கீழ் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். ஆனால் பார்த்த முதல் நாளே என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். நானும் மறுக்கவில்லை.

முதலில் பார்த்தது செங்கல்பட்டில், தொழிலாளர் துறை அலுவலகத்தில். ஊரிலிருக்கும் சின்ன லாட்ஜுகளில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கொடுப்பதில்லை என்று எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்கா ஒரு மனு கொடுத்திருந்தார். அதிகாரி, தொழிலாளிகள், முதலாளிகள் என்று மூன்று தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் கூட்டம் அது. லாட்ஜ்காரர்கள் சார்பில் நான் போயிருந்தேன். ஒரு ஃபைல் நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தம்மா கத்துவார், நான் அமைதியாக ஆதாரத்தைக் காட்டுவேன், அதிகாரி எங்கள் பக்கம் சாய்வார் என்பது என் கணக்கு.

அதிகாரி அவரைத்தான் முதலில் பேசச் சொன்னார்.

"சார், மொதல்ல அவங்க பக்கத்த நானே சொல்லிட்றேன். அவங்க சொல்லி நாங்க மறுத்து, அதுலயே நேரம் பூடும்" என்றார் அக்கா.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன லாட்ஜு சார். மழ மாசத்துல ஆளு வராது. பசங்களுக்குப் பரீட்ச மாசத்துலயும் வராது. சனி ஞாயிறுதான் ரூமு ரொம்பும். அதுலயும் ஆன்லைன்ல புக் பண்ணிக் குடுக்கறவன் அவன் கமிஷன எடுத்துகினுதான் குடுக்கறான். கரண்டு பில்லு ஏறிப் போச்சி. பெட்ஷீட்டு வெளுக்கறது ஏறிப் போச்சி. நூத்தம்பது ரூம் வச்சிகீற ரிசார்ட்டுக்கு இன்னா கூலியோ, அதே கூலிதான் பதினாலு ரூம் வச்சிகீறவருக்கும்னா அவரு எங்க போவாரு? இதான் அவங்க பக்கம்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏதாச்சும் வுட்டுட்டனா தம்பி?"

பரீட்சை மாதம் என் ஃபைலில் இல்லை. மற்ற எல்லாம் இருந்தன. "இல்ல" என்றேன்.

"இதுல பொய் ஒண்ணும் கெடையாது சார். ஆனா ஒண்ணு கேக்கறேன். கரண்டு பில்லு ஏறிச்சின்னா இவுரு ஈபி ஆபீஸுக்குப் போயி, இந்த மாசம் மழ, பாதிதான் கட்டுவேன்னு சொல்வாரா? கேஸ் சிலிண்டர் போடறவன்கிட்ட சொல்வாரா? கமிஷன்காரன்கிட்ட சொல்வாரா? எல்லாருக்கும் முழுசா குடுத்துட்டு, பெருக்கற பொம்பளகிட்ட வந்துதான் கஷ்டத்தச் சொல்றாரு. ஏன்னா சரின்னு தலையாட்டறவ அவ ஒருத்திதான்."

நான் ஃபைலை மூடிப் பையில் வைத்தேன். கூட்டத்தை வேறொரு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்தபோது உடன் வந்த லாட்ஜ்காரர் ஒருவர், "இன்னாப்பா, நீ வாயே தொறக்கல?" என்று கேட்டார். நான் பேச வேண்டியதை அந்தம்மாவே பேசிவிட்டார் என்று எப்படிச் சொல்வது?

அன்றைக்குத் திரும்பி வரும்போது என் வண்டி பஞ்சர். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினால், அக்காவும் அந்தப் பெண்களும் அதே பஸ்ஸில். திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்க, அக்காவின் பக்கத்து இருக்கைதான் காலியானது. உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

படாளத்துப் பக்கம்தான் அவருக்குப் பிறந்த ஊர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். அம்மா நிலக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். "எங்கம்மா அங்க பேசறதெல்லாம் கேட்டுகினு வந்து சொல்லும். ஏரியில தண்ணி கொறவு, இந்தப் போகம் கூலி ஏத்திக் கேட்டா பாதி நெலத்தக் கரம்பா வுட்டுடலாம்னு பேசிகினாங்கன்னு சொல்லும். எங்கப்பா ஆளுங்கள கூட்டிகினு கூலி கேக்கப் போறப்ப, அவங்க இன்னா சொல்வாங்கன்னு முன்னாடியே தெரியும். பதில வச்சிகினுதான் போவாரு. மத்த ஊர்ல கூலி ஏறாத வருசத்துல எங்க ஊர்ல ஏறிகீது தம்பி." அவ்வளவுதான். பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. எதிராளி சொல்லப்போவது தெரிந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதுபோலத்தான் சொன்னார்.

அவருடைய கட்சியில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கட்சியில் இருந்த டெய்லர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் கடையில் உட்கார்ந்தால் கதை கதையாகச் சொல்வார். கிளைக் கூட்டத்தில் யாராவது எழுந்து ஆவேசமாகப் பேசி முடித்ததும் அக்கா, "இப்ப அவங்க கட்சிக்காரன் இன்னா சொல்வான், அத சொல்லு பாப்போம்" என்பாராம். ஒருவன் ஒருமுறை, "அவன் இன்னா சொல்வான்? பொய் சொல்வான்!" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினான். "அப்ப நீ தோத்துடுவ, உக்காரு" என்றாராம் அக்கா.

அவர் வீட்டுக்காரர் பெயின்டர். என் லாட்ஜுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். வீட்டிலும் அக்கா இப்படித்தானா என்று கேட்டதற்கு, பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுச் சிரித்தார். "சண்ட வந்தா என் பக்கத்தயும் அதுவே சொல்லிடும், அதுக்குப் பதிலும் அதுவே சொல்லிடும். எனக்கு இன்னா வேல? நான் போயி ஒரு டீ சாப்ட்டு வந்துடுவேன்."

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதக் காலையில் அக்கா என் லாட்ஜுக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை. என்னிடம் வேலை பார்த்த சரளாவைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாளு உங்க ரிசப்ஷன்ல உக்காந்துக்கட்டுமா தம்பி?"

"எதுக்குக்கா?"

"ஆளு வரலன்னு உங்களுக்காக நானே சொல்லிட்டேன். கண்ணால பாக்காமலே சொல்லிட்டனேன்னு இருந்துச்சி."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வேவு பார்க்க வந்திருக்கிறாரோ என்றும் தோன்றியது. ஆனால் மறுத்தால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றாகிவிடும். ஒரு நாற்காலியைப் போட்டேன். சரளாவுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. துடைத்த தரையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாள் முழுக்க மழை. காலையில் இரண்டு பேர் போன் செய்து புக்கிங்கை ரத்து செய்தார்கள். மதியம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து வாடகையைக் கேட்டது, பாதிக்குக் கேட்டுப் பேரம் பேசியது, அறையைப் பார்த்துவிட்டு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டது. மூன்று மணிக்கு மேல் அறை எடுத்த ஒருவர் கொசு இருக்கிறது, தண்ணீர் சூடாக வரவில்லை என்று நான்கு தடவை கீழே இறங்கி வந்து என்னைத் திட்டினார். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார். எனக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது, "உங்க பக்கம் பாதி நெசம் தம்பி" என்றார்.

"மீதிப் பாதி?"

"மழ மாசத்துல ஆளு வரல. நெசம். ஆனா இந்த மழ மாசத்தயும் பரீட்ச மாசத்தயும் காட்டி, வருசம் பூரா கொறச்ச கூலியப் பேசறீங்களே, அது." குடையை விரித்துக்கொண்டு, "அந்தக் கொசுக்காரன்கிட்ட நீங்க பொறுமையா பேசினீங்க. எனக்கு வந்திருக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கொஞ்சம் நகர்ந்தது. சின்ன லாட்ஜுகள் இரண்டு கட்டமாகக் கூலியை உயர்த்திச் சட்டப்படியான அளவுக்கு வந்துவிட வேண்டும், அதுவரை மனுவை நிறுத்தி வைக்கலாம் என்று அக்காவே ஒரு வழி சொன்னார். எங்கள் ஆட்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது.

தேர்தல் வந்ததும் கூலி எல்லாக் கட்சிக்கும் பேச்சாகிவிட்டது. அக்காவின் கட்சி, பதவிக்கு வந்த உடனே எல்லாத் தொழிலிலும் கூலியை உயர்த்துவோம், சின்னது பெரியது என்று பார்க்க மாட்டோம் என்றது. எங்கள் கட்சி, சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு கொடுப்போம், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றது. செங்கல்பட்டில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, இதையே தலைப்பாக வைத்து ஒரு விவாதம் நடத்தியது. எங்கள் கட்சிக்கு நான். அவர்கள் கட்சிக்கு அக்கா. மூன்றாவதாக ஒரு கட்சியிலிருந்து வக்கீல் ஒருவர் வந்திருந்தார். அவர் இரண்டு கட்சிகளையும் திட்டிவிட்டு மாலை போடச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் சுமாராகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்து அக்கா மைக்கைப் பிடித்தார். ரிசார்ட் சீருடையோடு, வேலை முடித்து நேராக வந்திருந்தார்.

"மொதல்ல தம்பி பக்கத்த சொல்லிட்றேன்" என்று ஆரம்பித்தார். "தம்பி சொன்னதுல ஒண்ண வுட்டுட்டாரு. சின்ன லாட்ஜுக்காரர்கிட்ட ஒரே நாள்ல கூலிய ஏத்துன்னா, அவரு ரெண்டு ஆள வச்சிகீற எடத்துல ஒரு ஆளதான் வச்சிப்பாரு. மொதல்ல வூட்டுக்குப் போறது யாரு? பெருக்கற பொம்பள. எங்க ஆளுங்கதான். கூலி ஏத்தினா வேல போவும்னு அவங்க சொல்றதுல நாயம் இல்லாம இல்ல."

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அவர் கட்சிக்காரர்கள் முகம் சுருங்கியது. அக்கா இரண்டையும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"ஆனா வேல போவும்னு பயந்துகினு நாம பாதிக் கூலிக்கே பெருக்கினு இருந்தா, நம்ம பொண்ணுங்களும் பாதிக் கூலிக்குத்தான் பெருக்குவாங்க. அதனால இன்னா பண்ணணும்? மொதல்ல பெரிய ரிசார்ட்டு காண்ட்ராக்டருங்கள புடி. நூத்தம்பது ரூமு ரொம்பி வழியறப்பவும் அங்க இதே கூலிதான். அவங்களால குடுக்க முடியும், குடுக்கல. சின்னவங்களுக்கு ரெண்டு தவண குடு, தேதி போட்டுக் குடு. யாருக்கு இன்னா கூலின்னு லாட்ஜு வாசல்ல போர்டு வையி. ஆய்வாளர் ஒருத்தர் எத்தினி கதவத்தான் தட்டுவாரு? போர்டு இருந்தா பெருக்கறவளே படிச்சிட்டுக் கேப்பா. விலக்கு குடுத்துட்டா கேக்கவே வாய் இல்லாம பூடும். அதான் தம்பி கட்சி பண்ற தப்பு."

பேசி முடித்தபோது இரண்டு பக்கமும் கைதட்டியது. வக்கீல்கூடத் தட்டினார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

விவாதத்தை என் போனில் முழுக்கப் பதிவு செய்திருந்தோம். திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் டீக்கு வண்டியை நிறுத்தினோம். கட்சியின் வாட்ஸ்அப் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாபு, வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, அந்தம்மா நம்ம பேச்ச பேசிகீதே! இதயே போட்டுடலாமா? எங்க வெட்றது?" என்று கேட்டான்.

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன். "'நாயம் இல்லாம இல்ல'ன்னு சொல்லுது பாரு, அங்க நிறுத்திடு. 'ஆனா'வுக்கு முன்னாடி."

மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் அது எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. 'கூலியை உயர்த்தினால் வேலை போகும்: எதிர்க்கட்சித் தொழிலாளர் அணிச் செயலாளரே ஒப்புக்கொண்டார்' என்று மேலே தலைப்பு. எங்கள் மாவட்டச் செயலாளர் போன் செய்து பாராட்டினார். மூன்றாம் நாள், கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாகச் சொல்லி அக்காவின் பதவியை அவர் கட்சி பறித்தது. பன்னிரண்டு வருடம் அந்தக் கட்சிக்கு உழைத்தவர். விவாதம் நடந்த மண்டபத்தில் அவர் கட்சிக்காரர்களே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை என்று டெய்லர் சொன்னார். அவரும் திறக்கவில்லை.

அந்த வார இறுதியில் அக்கா லாட்ஜுக்கு வந்தார். படியேறி வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் வந்துவிட்டார்.

"வெட்டினது யாரு தம்பி?"

"பசங்கதான்கா..."

"எங்க வெட்டணும்னு பசங்களுக்குத் தெரியாது. சொன்னது யாரு?"

சரளா மாடிப்படியில் வாளியோடு நின்றுவிட்டாள். "நான்தான்" என்றேன்.

அக்கா தலையாட்டினார். திட்டவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முழுசையும் எனக்கு அனுப்புங்க. எங்க பொம்பளைங்க நான் காசு வாங்கினேன்னு பேசிகினு கீறாங்க. அவங்களுக்குக் காட்டணும்."

அங்கேயே அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க குரூப்லயும் முழுசா போடுவியா?" முதல் தடவையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார்.

"தேர்தல் முடியட்டும்கா."

அவர் எழுந்தார். வாசல் வரை போய், நின்று திரும்பினார். கோபம் இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். "நாலு நாளா உன் பக்கத்துல இன்னா நாயம்னு யோசிச்சிப் பாத்தேன். ரிசார்ட்டுல பெட்ஷீட்டு மடிக்கும்போதும் யோசிச்சேன், பஸ்ஸுல வரும்போதும் யோசிச்சேன். ஒண்ணு கூட வரல."

போய்விட்டார். என்னைப் பலர் பலவிதமாகத் திட்டியிருக்கிறார்கள். அது எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் ஊரில் எங்கள் கட்சிக்கு வாக்கு கூடுதலாக விழுந்தது. அந்தத் துண்டு வீடியோவுக்கு அதில் பங்கு உண்டு என்று பாபு சொல்லிக்கொண்டான். எனக்குத் தெரியாது. எண்ணிக்கை முடிந்த மறுநாள் முழு வீடியோவையும் எங்கள் குரூப்பில் போட்டேன். மாவட்டச் செயலாளர் போன் செய்து, "எலெக்ஷன்தான் முடிஞ்சிட்டதே, இப்ப இன்னாத்துக்குப்பா இது?" என்று கேட்டார். அதிகம் பேர் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். வணிகர் அணிப் பொறுப்பைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நான் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பெரிய தியாகம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குப் போன பிறகு எனக்கு மட்டும் அது இருப்பது கூச்சமாக இருந்தது.

லாட்ஜ்காரர்களுக்காகப் பேசும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது. தள்ளிப்போன பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியபோது, அக்காவின் இடத்துக்கு வந்த புதிய செயலாளரோடு போக அந்த எட்டுப் பெண்களும் மறுத்துவிட்டார்கள். முழு வீடியோவையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். பதவி இல்லாமலே, அவர்களுடைய பிரதிநிதியாக அக்கா வந்து உட்கார்ந்தார். என்னிடம் வழக்கம்போலப் பேசினார். பழையதை எடுக்கவில்லை. மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. நான் கொண்டுபோன பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முன்பு சொன்ன வழியிலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு கட்டம், தேதியோடு. வாசலில் போர்டு. முதல் கட்ட உயர்வை எல்லா லாட்ஜும் கொடுத்தது. இரண்டாவது கட்டம் வந்த மாதம், எதிர் லாட்ஜ்காரர் இரண்டு பேர் வேலையை ஒருவருக்கே கொடுத்துவிட்டுக் காமாட்சியை நிறுத்திவிட்டார்.

காமாட்சி அந்த எட்டுப் பேரில் ஒருவர். கொக்கிலமேட்டுப் பக்கம் வீடு. புருஷன் படகில் போய்க்கொண்டிருந்தவர், முதுகு போய் வீட்டில் படுத்திருந்தார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். அக்காவை நம்பி மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவரும் காமாட்சிதான்.

செய்தி தெரிந்த அன்றே அக்கா காமாட்சி வீட்டுக்குப் போனார். சரளாவும் கூடப் போனாள், அவள் வந்து சொன்னாள். முதலாளி மோசம், கட்சி மோசம், காலம் மோசம் என்று எதையும் அக்கா சொல்லவில்லையாம். வாசலில் நின்றபடியே, "கூலி ஏறினதாலதான் உன் வேல போச்சி. ஏத்தச் சொல்லிக் கேட்டது நான். இப்பிடி ஆவும்னு எனக்குத் தெரியும், மண்டபத்துலயே சொல்லிகீறேன். தெரிஞ்சேதான் கேட்டேன்" என்றாராம்.

"இத சொல்லத்தான் வந்தியா?" என்று கேட்டுவிட்டுக் காமாட்சி கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்தார். வீடியோவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போன பிறகு என் லாட்ஜ் படியை அவர் மிதித்தது அன்றைக்குத்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"காமாட்சிக்கு வேல வேணும்" என்றார். நான் பதில் சொல்வதற்கு முன்பே, "உங்க பக்கம் எனக்குத் தெரியும். பதினாலு ரூமு. சரளாவும் இன்னொரு பொண்ணும் இருக்காங்க. ரெண்டு பேரே போதும். மூணாவது ஆளுக்கு வேல இல்ல. இப்பத்தான் கூலிய வேற ஏத்திகீறீங்க. அத ஏத்த வச்சதும் நான்தான்" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்ததாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கரண்ட் பில்லைப் பற்றி, பெட்ஷீட்டைப் பற்றி, ஏதாவது. அவரிடம் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"பெட்ஷீட்டு வெளியில போட்டுத்தான்கா வெளுக்கறோம்" என்றேன். "மாடியில ஒரு மெஷின் வாங்கிப் போட்டா இங்கயே துவைச்சிக்கலாம். அதுக்கு ஒரு ஆளு வேணும். நாளைக்கு வரச் சொல்லுங்க."

"நான் சொன்னா வரமாட்டா. சரளாவ வுட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றார். மறுபடியும் பன்மைக்கு வந்திருந்தார்.

காமாட்சி வந்தார். வேலையில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அக்கா எப்போதாவது சரளாவைப் பார்க்க வந்தால், காமாட்சி மாடிக்குப் போய்விடுவார். ஒரு தடவை நான் பொறுக்க மாட்டாமல், அக்கா வந்து கேட்டதால்தான் இந்த வேலை என்று காமாட்சியிடம் சொன்னேன். "தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான். அக்காவிடமும் இதைச் சொன்னேன். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கோவம் இருக்கட்டும் தம்பி. அவளுக்கு வேல போனது நெசந்தானே. மூணு நாளு அந்த வூட்டுல ஒல கொதிக்கல" என்றார்.

இதற்குள் என் கட்சி உட்பட மூன்று கட்சிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எதிலும் சேரவில்லை. பழைய கட்சியும் ஆள் அனுப்பியது. வந்தவரிடம், பதவியைப் பறித்ததில் கட்சிப் பக்கத்து நியாயம் என்ன என்பதைத் தேர்தல் நேரம், தொண்டர் மனநிலை என்று ஒன்று விடாமல் அக்காவே எடுத்துச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று டெய்லர் சொன்னார். வந்தவர் அக்கா சேர்ந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே போனாராம்.

இரண்டு வருடம் கழித்து அந்த ரிசார்ட்டின் காண்ட்ராக்ட் கைமாறியது. புது காண்ட்ராக்டர் பழைய ஆட்களில் பாதிப் பேரை எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவை எடுக்காததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவர் மகள் மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அங்கே ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்திருப்பதாகவும், வீட்டுக்காரரோடு அங்கேயே போய்விடப்போவதாகவும் சொல்ல வந்தார்.

வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் பேசினோம். போர்டில் இருந்த எழுத்து வெயிலில் மங்கியிருந்ததைப் பார்த்து, புதுசாக எழுதி வைக்கச் சொன்னார். சரளா அழுதாள். காமாட்சி மொட்டைமாடியில் பெட்ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கூப்பிடப் போனேன்.

"கூப்டாதீங்க" என்றார் அக்கா. பிறகு தெருவில் இறங்கி, தலையை நிமிர்த்தி, "காமாட்சி, நான் போறேம்மா. மதுராந்தகத்துக்கு" என்று குரல் கொடுத்தார்.

மேலே பெட்ஷீட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தைப் பார்க்க நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பி ஐந்து நிமிடம் இருக்கும். காமாட்சி கீழே வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "எந்த பஸ்ஸுல போவாங்க சார்?" என்று கேட்டார்.

"செங்கல்பட்டு பஸ்ஸு. அங்க போயிதான் மாறணும்."

காமாட்சி வெளியே போனார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. செங்கல்பட்டுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ். மூன்று பஸ்ஸையாவது விட்டிருப்பார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, காமாட்சியும் சொல்லவில்லை. வந்ததும் நேராக மாடிக்குப் போய், காய்ந்திருந்த பெட்ஷீட்டுகளை மடிக்க ஆரம்பித்தார்.